கூரையில் சூரியன்... சாவி யார் கையில்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது நம் பகுதி வழக்கம். சூரியன் எழுகின்ற கரை ஒன்று, படுகின்ற கரை மற்றொன்று. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஒரு வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனை வைத்தே பெயர் சூட்டி வாழ்ந்தவர்கள் நாம். இன்று அந்தச் சூரியனைக் கூரையிலேயே ஏற்றி வேலை வாங்கத் தொடங்கிவிட்டோம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓடு, சீட்டு, ஸ்லப் என்று பாராமல் கறுப்புத் தகடுகள் வெயிலில் மினுங்குகின்றன.

ஏன் வந்தது இந்த ஆசை என்று கேட்கவும் வேண்டுமா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல், கைக்குழந்தைக்கு விசிறியால் வீசிக்கொண்டு விழித்திருந்த இரவுகளை எந்தத் தாய் மறப்பாள்? அதன் பின் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின் கட்டணம் ஏறியபோது, நகையை அடகு வைத்தாவது சோலார் பூட்டிவிடுவோம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் பல. 

பூட்டியாயிற்று. ஆனால் அந்தச் சூரியன் நமக்கு எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்கப் போனை எடுத்தால்...?

"சாதனம் எதுவும் கிடைக்கவில்லை" என்கிறது போன். சகோதரிகளே, இந்த ஒரு வரியில் எத்தனை வீடுகள் திகைத்து நிற்கின்றன தெரியுமா?

ராத்தாவின் பில்

காத்தான்குடியில் இருக்கும் என் ராத்தா ஒரு நாள் பதறிப் போய் என்னை அழைத்தார்.

"இஞ்ச பாருகா, கரண்ட் பில் ஒன்பதாயிரத்துக்கு மேல வந்திரிக்கி. சோலார் பூட்டி ஒண்டரை வருசமாச்சு, இப்பிடி ஒரு நாளும் வரல்ல. மீற்றர் பார்க்க வந்த பொடியனுக்கிட்ட கேட்டா, 'உங்கட சோலார் வேல செய்யுதா எண்டு போன்ல பாருங்க ராத்தா' எண்டான். போன்ல பார்த்தா ஒண்டுமே வருகுதில்ல!"

மச்சான் கட்டாரில். போனில் அந்தச் செயலியை (அப் என்கிறோமே, அதுதான்) ஏற்றிக் கொடுத்தவன் ராத்தாவின் மூத்த மகன். அவன் இப்போது கொழும்பில் படிக்கிறான். பூட்டிக் கொடுத்தவர்கள் பணம் வாங்கிய பின் போனை எடுப்பதில்லை. வீட்டில் இருப்பது ராத்தாவும், சின்ன மகளும், கண் தெரியாத உம்மாவும்தான்.

அடுத்த நாள் போனேன். சுவரில் மாட்டிய இன்வேர்ட்டரின் புளூடூத்தை ராத்தாவின் போனோடு இணைப்பதற்குள் எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. இரண்டே நாளில் நாங்கள் கற்ற பாடம் பெரிது. அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத மீன்காரர்

முதலில், புளூடூத் என்றால் என்ன? பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னரின் பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் முறைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் கூடி இதற்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின.

இது ஒரு சிறிய வானொலி. சோலார் கருவிகளில் இருப்பது பெரும்பாலும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யும் வகை. 2010இல் வந்த புளூடூத் 4.0 உடன் அறிமுகமானது. அது வேலை செய்யும் விதத்தை நம் ஒழுங்கைக்கு வரும் மீன்காரரை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறார்: "நான் வந்திருக்கிறேன், நான் வந்திருக்கிறேன்." ஒரு வீட்டில் கூப்பிட்டு நிறுத்தினால் ஹோர்ன் சத்தம் நின்றுவிடும். அடுத்த ஒழுங்கையில் இருப்பவர் "இன்றைக்கு மீன்காரர் வரவில்லை போல" என்று நினைத்துக்கொள்வார். அவர் வந்துதான் இருக்கிறார். வேறொருவர் வாசலில் நிற்கிறார், அவ்வளவுதான்.

சோலார் கருவியும் அப்படியே. பல கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு போனுடன் மட்டுமே பேசும். அந்த ஒரு போன் பிடித்துக்கொண்டால் மற்றப் போன்களுக்கு அது காணாமற் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மஃரிபுக்குப் பின் தேடாதீர்கள்

ராத்தா ஒரு வாரமாக இணைக்க முயன்றிருக்கிறார். எப்போது? சமையல், மதரஸா, பிள்ளையின் பாடம் எல்லாம் முடிந்து, மஃரிபும் தொழுத பிறகு! நமக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதானே? ஆனால் பெட்டரி இல்லாத பல இன்வேர்ட்டர்கள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தகடுகளிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. சூரியன் படுவான்கரையில் மறைந்ததும் அவையும் உறங்கிவிடும். உறங்கும் கருவி ஹோர்ன் அடிக்குமா? காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் நல்ல வெயிலில் தேடுங்கள். பெட்டரி வைத்த வீடுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. ஆனால் பெட்டரி முற்றாக இறங்கிப் போனால் அதன் புளூடூத்தும் அடங்கிவிடும்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இன்வேர்ட்டரின் கீழ் நின்றோம். அப்போதும் பட்டியல் வெறுமை. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

1. கிட்டப் போங்கள். புளூடூத் சாதாரணமாகப் பத்து மீற்றர் போகும் என்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. கம்பி வைத்த கொங்கிறீட் சுவரும், இரும்பு அலுமாரியும், தண்ணீர்த் தாங்கியும் குறுக்கே நின்றால் அலை தளர்ந்துவிடும். கருவிக்கு இரண்டு மூன்று முழத் தூரத்தில் நில்லுங்கள். வைபையும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. முதன்முதலாக இணைக்கும்போது மைக்ரோவேவை நிறுத்தி வைப்பது நல்லது.

2. மற்றப் போன்களைத் தேடுங்கள். ராத்தாவின் வீட்டு அறையில் ஒரு பழைய போன் சார்ஜில் கிடந்தது. மகன் விட்டுப் போனது. சின்னவள் அதில் விளையாடுவாள். அதில் அந்தச் செயலி திறந்தபடியே இருந்தது! மீன்காரரைப் பிடித்து வைத்திருந்தவர் அவர்தான். அதன் புளூடூத்தை அணைத்தோம். ஒரு நிமிடத்தில் ராத்தாவின் போனில் பெயர் தோன்றியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ராத்தா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

3. அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? அன்ட்ராய்ட் 6 முதல் 11 வரையுள்ள போன்களில் லொகேஷன் அனுமதி கொடுத்து, அதை இயக்கியும் வைத்தால்தான் செயலி புளூடூத் கருவிகளைத் தேட முடியும். சுற்றியுள்ள கருவிகளை வைத்து நாம் நிற்கும் இடத்தை அறிந்துவிடலாம் என்பதால் வைத்த காவல் அது. 2021இல் வந்த அன்ட்ராய்ட் 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி கேட்கும். ஐபோனில் 2019இன் ஐ.ஓ.எஸ். 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் புளூடூத் அனுமதி தனியே வேண்டும். முதல் நாள் பயந்து "வேண்டாம்" என்று அழுத்தியிருந்தால், போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயரைத் தேடி அனுமதியைத் திறந்துவிடுங்கள்.

4. வாசல் மாறிப் போகாதீர்கள். ஹெட்போனை இணைப்பது போலப் போனின் புளூடூத் பட்டியலில் தேடுகிறோம். பல சோலார் கருவிகளை அந்த வழியாக இணைக்கக்கூடாது. செயலியைத் திறந்து அதற்குள்ளிருந்துதான் சேர்க்க வேண்டும். எந்தச் செயலி என்பது கருவியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செயலியை ஏற்றாதீர்கள்.

5. பழைய உறவை மறக்கச் செய்யுங்கள். முன்பு இணைந்திருந்து இப்போது இணைய மறுத்தால், போனின் புளூடூத் பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி "மறந்துவிடு" என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு போனை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் புதிதாகச் சேருங்கள். முதல் நாள் இரண்டும் பரிமாறிக்கொண்ட இரகசியச் சாவி, புதுப் போன் வாங்கினாலோ கருவியின் மென்பொருளைப் புதுப்பித்தாலோ பொருந்தாமற் போகலாம்.

6. போனின் வயதைப் பாருங்கள். 2013இல் வந்த அன்ட்ராய்ட் 4.3க்கு முந்திய போன்களுக்கு இந்தச் சிக்கன வகை புளூடூத் தெரியாது. பெட்டரிச் சேமிப்பை இயக்கி வைத்திருந்தாலும் செயலி இடையில் நின்றுவிடக்கூடும். இணைக்கும்வரை அதை அணைத்து வையுங்கள்.

யாருடைய பெயர் அது?

ராத்தாவின் போனில் ஒரு பெயர் வந்தது என்றேனே, சற்று நேரத்தில் இன்னொன்றும் வந்தது! எது நம்முடையது? மதிலோடு மதில் ஒட்டிய நம் ஒழுங்கைகளில் அடுத்த வீட்டுக் கருவியும் நம் பட்டியலில் தெரியும். கருவியின் பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் தொடரிலக்கம் இருக்கும். அதன் கடைசி எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொடுங்கள்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. அவர்களுடையது நமக்குத் தெரிகிறதென்றால் நம்முடையது அவர்களுக்கும் தெரியும். பல கருவிகள் கடையிலிருந்து வரும்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரே இலக்கத்தோடு வருகின்றன. உதாரணமாக விக்ட்ரோன் நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில் ஆரம்ப இலக்கம் ஆறு பூச்சியங்கள். அதன் புதிய கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கத்தை ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆறு பூச்சியத்தை அப்படியே விட்டால் தெருக்கதவைத் திறந்து போட்டு உறங்குவதற்குச் சமம். இணைந்த அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றியதை மறந்துவிட்டால்? அந்த நிறுவனத்தின் கருவிகளில் ஸ்டிக்கரில் உள்ள இன்னோர் இலக்கத்தைக் கொடுத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டு வரலாம். ஆகவே ஸ்டிக்கரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் வாவிக் காற்றின் ஈரத்திலும் எழுத்து அழிந்த பிறகு தேடிப் பயனில்லை.

கட்டாரிலிருந்து பார்க்க முடியுமா?

"மச்சான் அங்கிருந்து பார்த்துச் சொல்லமாட்டாரா?" என்று ராத்தா கேட்டார். புளூடூத் வழியாக முடியாது. அது வீட்டுக்குள் பேசும் மொழி. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை, டேட்டா முடிந்தாலும் வேலை செய்யும். ஆனால் முற்றத்தைத் தாண்டாது.

தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் கருவி வீட்டு வைபையுடன் இணைந்திருக்க வேண்டும். பல கருவிகளில் அந்த வைபை விபரத்தை முதல் முறை கொடுப்பதே புளூடூத் வழியாகத்தான். அங்கேயும் ஒரு தடை: இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபை மட்டுமே தெரியும். புதிய ரவுட்டர்கள் 5 கிகாஹேர்ட்ஸிலும் ஒரு பெயரை ஒலிபரப்பும். அந்தப் பெயரைக் கொடுத்தால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் இணையாது. ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாலும் கருவிக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டாரில் இருப்பவர் வெறும் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

திரையில் என்ன இருந்தது?

இனி ராத்தாவின் கதைக்கு வருவோம். இலக்கம் கேட்டது. கொழும்பிலிருந்த மகனைக் கேட்டால், "பூட்டினவங்க மாத்திட்டாங்க உம்மா, என்னட்டச் சொல்லல்ல" என்றான். பூட்டியவர்களை எட்டாவது முறை அழைத்தபோது ஒரு பையன் எடுத்து, தயங்கித் தயங்கிச் சொன்னான். போட்டோம். திறந்தது.

இன்றைய உற்பத்தி: பூச்சியம். நேற்று: பூச்சியம். விரலால் தள்ளிக்கொண்டே போனோம். முப்பத்தெட்டு நாளாகப் பூச்சியம்! அதற்கு முந்திய நாள் பிற்பகலில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு: வெளி மின்சாரம் கிடைக்கவில்லை.

அன்று பெரிய இடிமழை பெய்தது ராத்தாவுக்கு நினைவு வந்தது. இன்வேர்ட்டருக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையிலுள்ள பிரேக்கர் அந்த இடியில் விழுந்திருக்கிறது. தகடுகள் நாள்தோறும் வெயிலில் காய்ந்தன. இன்வேர்ட்டரும் காலையில் விழித்து, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, மாலையில் உறங்கியிருக்கிறது. வீட்டின் பின்புறச் சுவரில், முருங்கை மரத்தின் மறைவில் எரிந்த அந்தச் சிறிய சிவப்பு விளக்கை யார் பார்ப்பது?

எச்சரிக்கைக் குறிப்பைப் படமெடுத்து, தெரிந்த கரண்ட் பாஸ் ஒருவருக்கு அனுப்பினோம். அஸருக்குப் பிறகு வந்து சோதித்து, பழுதேதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிரேக்கரைத் தூக்கிவிட்டார். பத்து நிமிட வேலை! அதற்காக ஒரு மாதத்துக்கு மேல் வெயில் வீணாகியிருக்கிறது.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தப் புளூடூத் திரைக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. "என்ன பிழை?" என்று பாஸ் கேட்டால் குறிப்பைப் படமெடுத்து அனுப்பலாம். பார்க்க ஒரு நாள், சாமான் வாங்க ஒரு நாள், பூட்ட ஒரு நாள் என்று அந்நிய ஆண்கள் வீட்டுக்கு வந்துபோகும் சங்கடம் குறையும். வந்த கூலியும் மிஞ்சும்.

பார்க்கலாம், தொடக்கூடாது

ஒரு எச்சரிக்கை. செயலி திறந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்காதீர்கள். பெட்டரியின் வகை, சார்ஜ் ஏறும் அளவு, மின் வலையமைப்பின் தரம் போன்றவற்றை மாற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை. தவறான அளவு பெட்டரியைக் கெடுக்கும்; தீப்பிடிக்கவும் கூடும். பெட்டரி வீங்கினாலோ கருகிய வாடை வந்தாலோ போனை வைத்துக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளோடு விலகிப் போய் ஆளை அழையுங்கள்.

இன்வேர்ட்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம். தகடுகளைத் தொடராகக் கோர்த்திருப்பதால் அந்த வயர்களில் சில நூறு வோல்ட் ஓடும். வெயில் உள்ளவரை அதை நிறுத்த முடியாது. புளூடூத் கிடைக்காத கோபத்தில் பெட்டியைத் தட்டுவதும், ஈரத் துணியால் துடைப்பதும் கூடாது.

ஆனால் எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் நிறுத்துவது என்று மட்டும் வீட்டிலுள்ள பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின் பாவனை குறைந்தபோது, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பிற்பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. எத்தனை வீடுகளில் "எப்படி நிறுத்துவது?" என்று விழித்தார்கள்!

அலுமாரிக் கதவில் ஒரு தாள்

நம் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைக்கிறோம். வாப்பாவும் காக்காமாரும் வியர்வை சிந்திக் கட்டிய வீடு, உறுதி பெண்ணின் பெயரில். ஆனால் அந்த வீட்டுக் கூரையில் உள்ள சோலாரின் கணக்கு யார் பெயரில்? பூட்டியவரின் மின்னஞ்சலில்! இலக்கம் யாரிடம்? மகனிடம், மச்சானிடம், வேலையை விட்டுப் போன ஒரு டெக்னீஷியனிடம்! இணைப்புக் கோளாறு என்று நாம் சொல்லும் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. வீட்டின் சாவியை இப்படி விட்டு வைப்போமா?

பூட்டி முடித்துக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: செயலியின் பெயர், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் திறந்த கணக்கு, புளூடூத் இலக்கம், ஸ்டிக்கரின் படம், உத்தரவாத அட்டை, நிறுத்தும் வரிசை. கையோடு உங்கள் போனில் நீங்களே ஒருமுறை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் இணைத்துக் காட்டினால் போதாது. உங்கள் விரல் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இலக்கம் ஓர் அமானிதம். வீட்டுக்கு வந்துபோகும் எல்லோரிடமும் சொல்வதற்கானதல்ல.

ராத்தா இப்போது ஒவ்வொரு ஜும்ஆ நாளும் காலையில், மீன் கழுவப் போகுமுன், பின்புறச் சுவருக்குப் போகிறார். போனைத் திறக்கிறார். இலக்கத்தைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதுகிறார். போன வாரம் என்னை அழைத்தவர் சலாம் சொன்ன கையோடு சொன்னார்:

"நேத்து பதினாறு யூனிட்கா! உம்மாக்கிட்டச் சொன்னன். 'சூரியன் வேல செஞ்ச கணக்கையும் எழுதுறியா புள்ள?' எண்டு சிரிக்கிறா."

எழுதத்தான் வேண்டும், சகோதரிகளே. நம் கூரையில் உழைக்கும் சூரியனுக்குக் கணக்கெழுதும் கை நம்முடையதாகவே இருக்கட்டும்!